இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

இந்தத் தொடரில் கம்பத்திலிருந்து விழுந்ததை எழுதினேன். கல்யாணத்தன்று தாலியைத் தவறிப்போய்ப் பக்கத்து ஊர் மண்டபத்துக்கு எடுத்துப் போனதைக்கூட எழுதினேன். இந்த ஒன்றை மட்டும் ஐந்தாறு வருஷமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

என் மானம் போய்விடும் என்று பயந்து இல்லை. லைன்மேன் வேலை பார்த்தவனுக்கு மழைக்குக் கரண்ட் போனாலே தெருவே கூடி மானத்தை வாங்கும், அதெல்லாம் பழகிப்போனது. நான் எழுதப் போய், எங்கள் அம்மனுக்கு ஏதாவது குறைச்சல் வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன்.

போன மாதம் நானும் என் மனைவி மங்கையும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். முன் சீட்டு அம்மா திரும்பி உட்கார்ந்து மங்கையிடம் பேச்சுக் கொடுத்தார். அவருக்கு ஒரு மனை விற்காமல் கிடக்கிறதாம்.

"கடலூர்ல கெடிலத்தாண்ட ஒரு மாரியாத்தா இருக்குதாம்மா. ஒரு லைன்மேன் வூட்டு அம்மா வூட்ட விக்க மாட்டேன்னு அழுதுச்சாம். ஆத்தா வெள்ளப் பூ குடுத்துச்சு பாரு, மறுநாளே வூடு வித்துப்போச்சாம். நானும் அங்கதான் போயிட்டு வர்றேன்."

மங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பஸ் டிக்கெட்டை இரண்டு பக்கமும் படித்தேன். இறங்கி நடக்கும்போது அவள் சொன்னாள்: "எழுதிடுங்க. இல்லாட்டி அந்தம்மா இன்னும் பத்து பேரை அனுப்பி வைக்கும்."

அதனால் எழுதுகிறேன்.

உத்தரவு கேட்ட செவ்வாய்க்கிழமை

அம்மன் சன்னதி. காலை வெயில் வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. அம்மன் காலடியில் வாழை இலையில் கட்டின இரண்டு சின்னப் பொட்டலம். நானும் மங்கையும் கைகூப்பி நிற்கிறோம்.

எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்ப்பது என்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் கோயில் முறைப்படி, வீட்டுத் தலைவர்தான் தலைக்குக் குளித்துவிட்டு, யார் கண்ணும் படாமல் கட்டிக்கொண்டு வரவேண்டும். பூசாரி அதை அம்மன் காலடியில் வைப்பார். அதற்குப் பிறகு முதலில் படியேறி வருகிற சுமங்கலி ஒன்றை எடுத்துக் கொடுக்கணும்.

அன்றைக்குப் படியேறி வந்தது அண்ணாகிராமம் பக்கத்திலிருந்து பலாப்பழம் விற்க வந்த அம்மா. கூடையை வெளியே இறக்கிவிட்டு, கையில் பலாப்பால் பிசுபிசுக்க நின்றார்.

"நான் எடுக்கலாமா சாமி? கையெல்லாம் பிசினா இருக்குதே."

"எடும்மா. ஆத்தாவுக்கு உன் கை தெரியாதா" என்றார் பூசாரி.

எடுத்தார். பிரித்தார்கள். வெள்ளை நந்தியாவட்டை.

"உத்தரவு ஆயிடுச்சு" என்றார் பூசாரி. மங்கை அந்தப் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

நான் இன்னொரு பொட்டலத்தை அவசரமாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். ஏன் என்றால் அதிலும் வெள்ளைதான். கட்டினவன் நான்.

அப்படி என்ன அவசரம்

எங்கள் தெருவை பள்ளத்தெரு என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் கெடிலம் ஆறு எங்கள் வீட்டுக்கு விருந்து வரும். முதலில் வாசல், பிறகு கூடம், அப்புறம் அடுப்படி. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகும். போகும்போது சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும்.

மங்கை அந்தக் கோட்டுக்கெல்லாம் பேர் வைத்திருந்தாள். இது உமா வயசுக்கு வந்த வருஷத்துக் கோடு. இது எருமைக் கன்னுக்குட்டி நீந்தி வந்த வருஷம். ஆகப் பெரிய கோடு அடுப்பு மேடைக்கு மேலே நாலு விரல். அந்த வருஷம் நாங்கள் மொட்டை மாடியில் குடை பிடித்துக்கொண்டு உப்புமா கிண்டினோம்.

எனக்கு ரிட்டயர்மெண்ட் ஆனது. எங்கள் ஒரே மகள் உமா சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலையில் இருந்தாள். மேல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன வீடு வருகிறது, வாங்கிப்போடுங்கப்பா, விடியக்காலையில் கோயில் மணி கேட்கும் என்றாள். எனக்கு அந்த மணி அப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஆனால் கடலூர் வீடு மங்கையின் வீடு. அவள் விற்ற வளையல்தான் எங்கள் தலைக்கு மேலே கான்கிரீட்டாக இருந்தது. அதைப் போட்ட அன்றைக்கு, உன் வார்த்தை இல்லாமல் இந்த வீட்டை விற்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் கேட்டு வாங்கின சத்தியம் இல்லை. நானாகச் சொன்னது.

விற்கலாமா என்று நான் நேராகக் கேட்கவில்லை. "உமா என்னமோ சொல்லுது" என்பேன். "மழை வேற வரப்போவுது" என்பேன். அவளும் நேராகப் பதில் சொல்லவில்லை. "சாமி என்னா சொல்லுதோ" என்றாள். சரி, பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றேன்.

அன்று விடியற்காலையில் கொல்லையில் நின்றபோது செவ்வரளி பூத்துக் குலுங்கியது. கையை நீட்டினேன். சிவப்பு வந்துவிட்டால் என்ற நினைப்பு வந்தது. கை தானாக நந்தியாவட்டைப் பக்கம் போனது. தானாக என்று எழுதுவதும் பொய்தான். நான்தான் கொண்டுபோனேன்.

மச்சான் வந்தார்

உத்தரவு வந்த சேதி கேட்டு மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து மங்கையின் தம்பி ஏழுமலை டி.வி.எஸ்.ஸில் வந்து இறங்கினார். எந்த வீட்டில் எது நடந்தாலும் முன்னால் நின்று செய்கிற ஆள்.

"மாமா, வூடு விக்கிறது பொண்ணு காட்டுற மாதிரி. முதல்ல அலங்காரம். வெலை அப்புறம் தானா வரும்."

"என்ன மச்சான் செய்யணும்?"

"சுவத்துல அம்பது ஆணி இருக்குது. மொதல்ல அத்தப் புடுங்குங்க. பாக்குறவன் ஆணி குத்துற வூடுன்னு நெனைப்பான்."

ஆணி பிடுங்கினோம். ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு காலண்டர் ஞாபகம். ஓட்டையை வெள்ளைச் சிமெண்டு குழைத்து அடைத்தோம். பரண் மேலிருந்து ஓட்டை அண்டா, கால் போன மணை, உமாவின் மூன்று சக்கர சைக்கிள், நான் என்றைக்காவது ரிப்பேர் பண்ணுவேன் என்று சேர்த்து வைத்த ஏழு சீலிங் ஃபேன், எல்லாம் இறங்கின.

"லைன்மேன் வூட்ல ஏழு ஃபேன். ஒண்ணுகூட சுத்தல" என்றார் ஏழுமலை.

"கொல்லன் பட்டறையான்னு நெனச்சுக்கப்போறாங்க. எடுத்துட்டுப் போடா" என்றாள் மங்கை. நான் விடவில்லை, கொல்லையில் ஓரமாக அடுக்கி வைத்தேன்.

அவள் வேலை செய்த வேகம்தான் என்னைக் குத்தியது. அழுவாள், மூலையில் உட்காருவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒட்டடை அடித்தாள். கதவுக் கீலுக்கெல்லாம் விளக்கெண்ணெய் விட்டாள். ஆளை வைத்துக் கிணற்றைத் தூர் வாரினாள். உள்ளேயிருந்து எட்டு தம்ளர் வந்தது. "இதுக்காக எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்" என்று சிரித்தாள். சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, அதற்கு மேல் அவளுக்குக் கேள்வி இல்லை.

வெள்ளையடித்து, கதவு பளபளத்து, கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி ஊற, எனக்கே அந்த வீட்டை வாங்கலாம் போல இருந்தது.

ஒரே ஒரு இடம் பாக்கி. அடுப்படிச் சுவர்.

கோடு

பெயிண்ட் அடிக்கிறவர் பிரஷ்ஷை நனைத்தார். "ரெண்டு கோட் குடுத்தா தண்ணி நின்ன அடையாளமே தெரியாதுங்க."

"அதத்தான் மொதல்ல பண்ணணும்" என்றார் ஏழுமலை.

"அந்தச் சுவத்துல கை வைக்காதீங்க" என்றாள் மங்கை.

"அக்கா, பாக்குறவன் ஓடிடுவான்."

"ஓடட்டும். சாமி உத்தரவு குடுத்து விக்கிற வூடு இது. இதுல போயி பொய் சொன்னா யாரு பேரு கெடும்? உன் பேரா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் பெயிண்ட் டப்பாவைப் பார்த்தேன். என் சட்டைப் பையில் அன்றைக்கு வைத்த பொட்டலத்தை எப்போதோ ஆற்றில் விட்டுவிட்டேன். ஆனாலும் அந்த இடத்தில் என்னமோ கனத்தது.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் மங்கை கேசரி கொடுப்பாள். கிணற்றைக் காட்டுவாள். அவர்கள் முகம் மலர்ந்து, ஸ்பூனை வாயில் வைக்கிற நேரத்தில் அடுப்படிக்குக் கூட்டிப்போய், "இது வரைக்கும் தண்ணி வரும்" என்று கையை வைத்துக் காட்டுவாள். ஒருத்தர் பாதிக் கேசரியோடு கிளம்பிவிட்டார். தட்டை நாலு வீடு தள்ளிப் போய் வாங்கிவந்தேன்.

"கேசரியையாவது கோட்டைக் காட்டுனதுக்கு அப்புறம் குடுக்கா" என்றார் ஏழுமலை. "சக்கரை மிச்சம்."

மொட்டை போட்ட கதை

எனக்கு ராத்தூக்கம் போனது. பொய் சொல்லாதே என்று அவள் தம்பியை அதட்டுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வியர்த்தது. அவள் பொய் வேண்டாம் என்று நிற்பது, நான் சொன்ன பொய்யின் மேலே ஏறி நின்றுகொண்டு.

ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போனேன். மொட்டை போட்டேன். மலைப்படி ஏறி, இறங்கி, தேவநாதா, தெரியாமப் பண்ணிட்டேன் என்று கும்பிட்டேன். தெரிந்து பண்ணினதைத் தெரியாமல் பண்ணினேன் என்று அங்கேயும் போய் மாற்றிச் சொன்னதை வீடு திரும்பும் வழியில்தான் உணர்ந்தேன்.

சந்தனத் தலையோடு உள்ளே நுழைந்தேன். மங்கை பார்த்தாள்.

"என்னா வேண்டுதல்?"

"வூடு நல்லபடியா விக்கணும்னு."

ஒரு பொய்க்காக மொட்டை போட்டேன். அந்த மொட்டைக்காக இன்னொரு பொய்.

அதோடு போகவில்லை. சந்தனம் உதிர்ந்த பிறகு மொட்டையும் மழித்த மீசையுமாக நான் வாசலில் நின்றால், வீடு பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றத் தயங்கினார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவா, அப்பாவாங்க? எத்தனை நாளாச்சு?" என்றார். நான் விளக்கிச் சொல்வதற்குள் துக்கம் நடந்த வீடு என்று திரும்பிவிட்டார்.

ஏழுமலை என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மாமா, அக்கா கோட்டைக் காட்டித் தொரத்துது. நீங்க தலையைக் காட்டித் தொரத்துறீங்க. நான் ஒருத்தன் எதுக்கு பெட்ரோல் போட்டுக்கினு வர்றேன்?"

வீட்டுக்குள்ளிருந்து மங்கை சிரிக்கிற சத்தம் கேட்டது. முடி வளர்கிற வரைக்கும், யார் வந்தாலும் நான் கொல்லைப் பக்கம் கிணற்றடியில் உட்காரணும் என்று தீர்மானம் ஆனது.

சொல்லிட்டு வருமா

முடி அரை அங்குலம் வளர்ந்த சமயம் ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். கடலோரக் குப்பத்துக்காரர்கள். சுனாமி அலை வந்து வீட்டைக் கொண்டுபோன பிறகு ஒன்றரை இரண்டு வருஷமாகச் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள். அவர் தொழிலுக்குக் கடலுக்குத்தான் போய்வந்தார். அந்த அம்மா தேவகி மட்டும், இனிமேல் கடல் சத்தம் கேட்கிற இடத்தில் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

மங்கை கேசரி கொடுத்தாள். பிறகு அடுப்படி. நான் கிணற்றடியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"இது வரைக்கும் தண்ணி வரும்மா. எல்லா வருஷமும் இல்ல. ஆனா வரும்."

தேவகி அம்மா கோட்டைத் தடவிப் பார்த்தாராம். இது மங்கை அப்புறம் என்னிடம் சொன்னது. தேவகி அம்மா கேட்டார்:

"எத்தனை நாளு நிக்கும்?"

"ரெண்டு நாளு. தானா வடிஞ்சிடும்."

"சொல்லிட்டு வருமா?"

மங்கைக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. "சொல்லிட்டுதாம்மா வரும். மூணு நாளு மழை அடிக்கும். ஆத்துல சத்தம் மாறும். பாத்திரமெல்லாம் மேல ஏத்தி வைக்க நேரம் இருக்கும்."

"அப்ப போதும்க்கா" என்றார் தேவகி அம்மா.

அவர் புருஷன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "இடுப்புத் தண்ணிய ஒரு தண்ணின்னு காட்டுறாங்க பாருங்க" என்று என்னிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை அட்வான்ஸோடு வருகிறோம் என்று போனார்கள்.

மறைக்கச் சொன்ன கோடுதான் வீட்டை விற்றுக் கொடுத்தது. ஏழுமலை அதற்கும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார்.

வியாழக்கிழமை

மறுநாள் அட்வான்ஸ். மங்கை சாமி விளக்கையெல்லாம் வாசலில் பரப்பி வைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புது வீட்டுக்குப் போகும்போது கறுத்துப் போகக்கூடாதாம்.

அட்வான்ஸை வாங்கிவிட்டால் பிறகு சொல்லி என்ன பிரயோஜனம். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"மங்கை. அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் வெச்சேன்."

அவள் கை நிற்கவில்லை. விளக்கின் தண்டைத் தேய்த்தாள். திருப்பிப் பிடித்து அடிப்பாகத்தைத் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். துடைத்தாள். வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப சாமி எதுவும் சொல்லல."

"இல்ல."

"நானா இத்தனை நாளும் சாமி சொல்லுச்சு, சாமி சொல்லுச்சுன்னு கெணறு வரைக்கும் தூர் வாருனேன்."

திட்டினால் தேவலை என்று இருந்தது.

"எந்திரிங்க. சட்டையப் போடுங்க" என்றாள்.

கோயிலுக்கு நடந்தோம். மறுபடியும் பூக்கட்டிப் பார்க்கப் போகிறாள், இந்தத் தடவை சிவப்புதான் வரும், வரட்டும், அது எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே போனேன். தேவகி அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்றும் நினைத்தேன். பூக்கடையைத் தாண்டினோம். அவள் நிற்கவில்லை.

"பூவு?" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்."

சன்னதியில் யாரும் இல்லை. பூசாரி மடப்பள்ளிப் பக்கம் போயிருந்தார். மங்கை அம்மனுக்கு ஒரு பக்கமாக நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"கேளுங்க."

"யார?"

"என்னைத்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உமா சொன்னதைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், அம்மனைக் கேட்டேன். பூ வைத்தேன், மொட்டை போட்டேன். பக்கத்தில் நின்ற இவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் சாமி மேலே பாரத்தைப் போட்டது, நான் கேட்கிற வரைக்கும் காத்திருப்பதற்கு. நான் ஏமாற்றினது அம்மனை இல்லை. அம்மனை யார் ஏமாற்ற முடியும்?

மெல்லத்தான் கேட்டேன். கம்பத்து உச்சியில் நின்று தெருவுக்கே கேட்கக் கத்தினவன் நான்.

"மங்கை, நம்ம வூட்ட வித்துட்டு சிதம்பரத்துக்குப் போயிடலாமா? உனக்கு வேணாம்னா வேணாம். நாளைக்கு அவுங்களுக்கு நான் போயி சொல்லிடறேன்."

அவள் அம்மனைப் பார்த்தாள். என் அரை அங்குலத் தலையைப் பார்த்தாள். உதட்டோரம் சிரிப்பு வந்ததை அடக்கினாள்.

"இத அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்ல."

"என்னான்னு?"

"இப்ப சொல்லப்போறதத்தான்."

"இப்ப என்னா சொல்லப்போற?"

"அந்தப் பொண்ணு கோட்டத் தொட்டுப் பாத்துதே, அப்பவே வூடு அவளுதா ஆயிடுச்சு. போலாம்" என்றாள். "ஆனா ஏழு ஃபேனும் வராது."

விழுந்து கும்பிட்டேன். அம்மனைத்தான். பக்கத்தில் அவளும் நின்றதால் யாரை என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் வாங்கினோம். தை பிறந்ததும் சிதம்பரம் வந்தோம். உமா சொன்னது சரிதான், விடியக்காலையில் மணி கேட்கிறது. இங்கே வந்து எதற்காவது ஒரு தீர்மானம் எடுக்கணும் என்றால் முதலில் மங்கையைக் கேட்கிறேன். பிறகு நடராஜரிடம் போய், இப்படி முடிவு பண்ணியிருக்கிறோம், கூட இரு என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

படிக்கிறவர்களுக்கு

எங்கள் அம்மன் கேட்டதைக் கொடுக்கிறவள்தான். பூ கேட்கப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஆனால் லைன்மேன் வீட்டுக் கதையைச் சொல்லி யாரையும் அனுப்பவேண்டாம்.

இதை வீட்டில் சொல்வீர்கள், பஸ்ஸில் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். சொல்லுங்கள். மறுநாளே விற்றது என்று கூட்டவேண்டாம். மங்கை அழுதாள் என்று சேர்க்கவேண்டாம், அவள் அழவே இல்லை. பெரிய மனுஷன் ஆயிற்றே என்று நான் பண்ணினதைக் குறைக்கவும் வேண்டாம். இரண்டிலும் வெள்ளைதான் இருந்தது, வைத்தவன் நான்தான். இதில் உள்ளது உள்ளபடி, கேட்கிறவருக்கு அப்படியே கொடுங்கள்.